கதவு எண் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு

கேள்வி:

டீச்சர், நான் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு எதிர் நடைபாதையில் ஒரு குடும்பம் இருக்கிறது. அம்மா பூ கட்டி விற்கிறார், அப்பா மூன்று சக்கர வண்டியில் காகித பண்டில் ஏற்றுகிறார். அந்த அம்மாவே அதே நடைபாதையில் பிறந்து வளர்ந்தவர். பையனுக்கு 12 வயது, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். பெண்ணுக்கு 9 வயது, ஒன்றாம் வகுப்புக்குச் சில மாதம் போனதோடு சரி. ஜூன் மாதம் இருவரையும் ஒரு பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆதார், பிறப்புச் சான்று, வீட்டு முகவரி என்று கேட்டிருக்கிறார்கள். எதுவும் இல்லாததால் திரும்பி வந்துவிட்டார். நான் துணைக்கு வருகிறேன், இன்னொரு தடவை போகலாம் என்றால், "வேணாம்மா, ரொம்ப விசாரிச்சா பிள்ளைங்கள ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று பயப்படுகிறார். பாதி வருடமும் போய்விட்டது. இனிமேல் சேர்ப்பார்களா? சேர்த்தாலும் தெருவில் இருந்துகொண்டு படிப்பு நிற்குமா? உறவு இல்லாத நான் இதில் என்ன செய்ய முடியும்? பெயர் வேண்டாம்.

பதில்:

சேர்ப்பார்கள் அம்மா. சேர்த்தே ஆக வேண்டும். அடுத்த ஜூன் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.

வடசென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்தவள் நான். வால்டாக்ஸ் ரோடு, யானைகவுனி, பிராட்வே நடைபாதைகளிலிருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் எல்லா வருடமும் இருந்தார்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சேர்ப்பார்களா என்பது சுலபமானது, அதற்குச் சட்டமே பதில் சொல்லிவிடும். படிப்பு நிற்குமா என்பதற்கு அந்தப் பள்ளியும், அந்தத் தெருவும், கொஞ்சம் நீங்களும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்துப் பள்ளியில் படிக்கும் உரிமையை அது தருகிறது. அதன் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. 15ஆம் பிரிவு, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவின்படி, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதையும் காரணமாகக் காட்டக் கூடாது. ஆதார் விஷயத்தில் உச்ச நீதிமன்றமே 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை. ஜூன் மாதம் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம் ஒன்றுகூடச் செல்லாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை அந்த அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையான குழந்தைகளின் விவரத்தைப் பதிந்து வைக்கவும், இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்யவும் 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பைப் பொறுப்பாக்குகிறது. உங்கள் தெருவுக்கு அது சென்னை மாநகராட்சி. அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அவர்கள்தான் நடைபாதைக்கு வந்திருக்க வேண்டும். பள்ளி வாசலில் போய் நிற்கும்போது அந்தத் தாய் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

ஆனாலும் கையில் ஏதாவது ஒரு தாள் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். 'எதுவும் இல்லை' என்று அவர்கள் சொன்னாலும் பெரும்பாலும் எங்கேயோ ஒன்று இருக்கும். பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிரசவம் பெரும்பாலும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, இந்த மூன்றில் ஒன்றில் நடந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பிறப்பு அங்கேயே பதிவாகியிருக்கும். மழையில் போனது தாள்தான், பதிவு அப்படியே இருக்கும். பிறந்த தேதியும் தாயின் பெயரும் தெரிந்தால் மாநகராட்சிப் பதிவில் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி அல்லது செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லையென்றால் பெற்றோர் தன் கையால் எழுதித் தரும் உறுதிமொழி, இவையே வயதுக்குப் போதும். அதற்கு முத்திரைத்தாள் வாங்க ஓட வேண்டாம். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இப்படி எழுதுங்கள்:

"என் மகள் … சுமார் 2016ஆம் ஆண்டு தை மாதம் … மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்று தற்போது கையில் இல்லை. கிடைத்தவுடன் தருகிறேன். நாங்கள் ஆண்டர்சன் தெரு, கடை எண் … எதிரில் உள்ள நடைபாதையில் குடியிருக்கிறோம். மேலே சொன்னவை உண்மை." கீழே தாயின் கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி.

வருடத்தையும் மாதத்தையும் அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். முகவரியை மறைக்காமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டுக் கதவு எண்ணைப் போட்டுவிடலாம் என்று பலரும் நல்ல எண்ணத்தில் சொல்வார்கள். அது பின்னால் வினையாகும். பள்ளி செல்லாக் குழந்தைகளுக்கான உதவிகள் அந்தப் பிள்ளைக்கு வராமல் போகும், ஒரு வாரம் வராவிட்டால் ஆசிரியர் தேடிக்கொண்டு தப்பான வீட்டுக்குப் போவார். நடைபாதையும் முகவரிதான். வீடு இல்லாதவர் வாக்காளராகச் சேர எந்த முகவரிச் சான்றும் வேண்டாம், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே உறங்குவதைப் பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. 2011 கணக்கெடுப்பிலும் பிப்ரவரி 28 அன்று ராத்திரி தெருத் தெருவாகப் போய்த்தான் வீடில்லாதவர்களை எண்ணினார்கள், நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர். ஓட்டுக்கும் கணக்குக்கும் ஏற்கிற நடைபாதையைப் பள்ளி மட்டும் முகவரி இல்லை என்று எப்படிச் சொல்லும்?

ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பல காரியங்களுக்குப் பிறப்புச் சான்றே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் அதே நடைபாதையில் இப்போது தவழ்கிற கைக்குழந்தைகளுக்குப் பொருந்தும். அவர்களுக்கான சான்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் சேர்க்கைக்குத் தேவையில்லை, உதவித்தொகை வாங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்பீர்கள். இந்த வயதில், இந்த நிலையில், அந்த அலைச்சல் வேண்டாம்.

இனி பையன். பள்ளியில் "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருப்பது எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறை கணினியில் வைத்திருக்கும் மாணவர் பதிவு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எமிஸ் எண் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்த பையனுக்கு அது கண்டிப்பாக இருக்கும், ஒன்றாம் வகுப்பில் சில மாதம் உட்கார்ந்த தங்கைக்கும் இருக்கலாம். பழைய பள்ளி இவர்களை விடுவித்து 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளியால் தன் பட்டியலில் எடுத்துக்கொள்ள முடியும். ஒரு தலைமை ஆசிரியர் இன்னொருவருக்குப் போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. இதற்காக ஒரு தாயை இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே மூன்று நாள் அலைய விட்டால் அவருக்கு மூன்று நாள் பூ வியாபாரம் போச்சு, நாலாவது நாள் அவர் வர மாட்டார். ஆகவே போகும் முன்பே பழைய பள்ளியின் பெயர், படித்த வருடம், அப்போது கொடுத்த போன் நம்பர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போய், "சார், நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். புதிதாக இன்னொரு எண் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரட்டை எண் பின்னால் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கும்.

எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும்போது, எட்டாம் வகுப்பு வரை இருக்கிற நடுநிலைப் பள்ளியாகப் பாருங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே வாசலில் நுழைய வேண்டும். சட்டப்படி வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பெண் நாலாம் வகுப்பு, பையன் ஏழாம் வகுப்பு என்ற கணக்கு வரும். 'எழுத்தே தெரியாதவளை நாலாம் வகுப்பில் போட்டால் என்ன செய்வாள்' என்று அந்தத் தாயும் கேட்பார், சில ஆசிரியர்களும் கேட்பார்கள். ஒன்பது வயதுப் பெண்ணை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டாள், வெட்கம் அவளை வெளியே தள்ளிவிடும். நாலாம் வகுப்பில் இருந்துகொண்டே எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு நிலையிலிருந்து அவள் தொடங்கலாம். அரும்பு, மொட்டு, மலர் என்று அந்தந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்பத்தான் அதில் பாடம். பையனுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தின் சிறப்புப் பயிற்சி உண்டு. இப்படி நடுவில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை தனிப் பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை இலவசமாகப் படிக்க அவனுக்கு உரிமை உண்டு.

பையன் இப்போது எங்காவது வேலைக்குப் போகிறானா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 12 வயதுப் பையன், இரண்டு வருடமாகப் பள்ளி இல்லை, பாரிமுனை வேறு. போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கொண்டுவருவது நூறு ரூபாயாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாடு அதில் இருக்கலாம். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பது குற்றம், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் பேச்சைச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தால் பையன் கண்ணில் படாமல் போய்விடுவான். அப்பாவிடம் தனியாக, அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

இப்போது அந்த அம்மாவின் பயம். அது வெறும் பயம் இல்லை, காரணம் உள்ள பயம். வீடோ நிலையான இருப்பிடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாத குழந்தையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தெருவிலிருந்து பிள்ளைகளை வண்டியில் ஏற்றிப்போனதை அந்த அம்மா தன் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பார். ஆனால் அதே சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், குடும்பத்தோடு இருப்பதே முதலில் என்றும் சொல்கிறது. உழைத்துச் சாப்பாடு போடும் அப்பா அம்மாவோடு இருக்கிற பிள்ளையை, ஏழை என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிப்பது அதன் நோக்கமே இல்லை. பகல் 11 மணிக்குச் சிக்னலில் நிற்கிற பிள்ளையைப் பற்றித்தான் கேள்வி வரும். 11 மணிக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளையைப் பற்றி வராது. பள்ளி வருகைப் பதிவேடு அந்தத் தாய்க்குப் பாதுகாப்பு. இதை நிதானமாக, இரண்டு மூன்று தடவையாகச் சொல்லுங்கள். ஒரே தடவையில் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விடுதி பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம். பெண் பிள்ளை வயதுக்கு வரும்போது சில தாய்மார்கள் தாங்களாகவே கேட்பார்கள், நடைபாதையில் ராத்திரி என்பது என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்போது கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரிலான உண்டு உறைவிடப் பள்ளி, அரசு மாணவியர் விடுதி என்று வழிகள் உண்டு. அந்த முடிவு அந்தத் தாயுடையதாக இருக்கட்டும்.

சரி, சேர்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தினமும் முக்கால் மணி நேரம் தாமதம். மற்றவர்களைப் போலவே அவளையும் கேட் ஓரத்தில் நிற்க வைத்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, அம்மா எழுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன் டீச்சர். கக்கூஸ்ல லைன்" என்றாள். அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே கட்டணக் கழிப்பறை. காலையில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் முன்னால் நிற்பார்கள், குழந்தையைத் தள்ளிவிட்டு உள்ளே போவார்கள். அதன் பிறகு குளியல், அதற்குத் தனிக் காசு. அத்தனையும் முடித்து, தலை வாரி, ஈரம் காயாத சீருடையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்த பிள்ளையை நான் வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். குழந்தையை மனதளவில் துன்புறுத்தக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. நான் செய்தது அதுதான்.

மறுநாளிலிருந்து எங்கள் ஆயாம்மா ஏழரை மணிக்கே அவளுக்குப் பள்ளிக் கழிப்பறையையும் குழாயையும் திறந்துவிட்டார். அவ்வளவுதான். அந்த வருடம் அவள் தாமதமாக வரவே இல்லை. நீங்கள் பள்ளியில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: காலையில் கொஞ்சம் சீக்கிரம் உள்ளே விடுவீர்களா?

சாப்பாட்டுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்துவிட்டது. உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு சூடாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் தங்கை வகுப்புக்குப் போவாள். மத்தியானம் முட்டையோடு சத்துணவு. ஆனால் காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். ஏழாம் வகுப்பு அண்ணன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மத்தியானம் வரை அவன் வயிறு காலி. இதை வகுப்பாசிரியரின் காதில் போட்டு வையுங்கள். நல்ல ஆசிரியர்கள் இதற்கு வழி செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நீங்களும் நாலு இட்லிக்கு ஏற்பாடு செய்யலாம். அவன் கையில் காசாகக் கொடுக்காதீர்கள், டிபன் கடையில் சொல்லி வையுங்கள்.

முதல் பீரியடில் தூங்குவார்கள். பகலில் லாரிகளுக்குத் தடை இருப்பதால் உங்கள் பக்கத்தில் சரக்கு இறங்குவது ராத்திரியில்தான். தலைமாட்டில் பண்டில் விழுந்துகொண்டிருந்தால் எந்தப் பிள்ளை பத்து மணிக்குத் தூங்கும்? இது தெரிந்த ஆசிரியர் முதல் பீரியடில் அவளை அரை மணி நேரம் விட்டுவிட்டு, கணக்கை மூன்றாவது பீரியடில் சொல்லித் தருவார். தெரியாத ஆசிரியர் சோம்பேறி என்பார். ஆகவே தெரிய வேண்டும். ஆனால் ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும், வகுப்புக்குத் தெரியக் கூடாது. 'பிளாட்பாரம்' என்று ஒரு தடவை யாராவது பட்டப்பெயர் வைத்துவிட்டால் முடிந்தது, எந்தச் சட்டத்தாலும் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர முடியாது. பையன்கள் இதற்காகவே நின்றுவிடுகிறார்கள். அவன் ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றான் என்று ஒரு நாள் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மழை. உங்கள் கடிதம் வந்திருப்பது ஐப்பசியில். கார்த்திகை முடிகிற வரைக்கும் இதுதான் பெரிய சோதனை. நான் சொன்ன அதே பெண், ஒரு டிசம்பர் காலையில் அரிசிப் பையில் சுற்றிப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். பக்கமெல்லாம் ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தது. ஸ்டீல் ஸ்கேலை உள்ளே விட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பெஞ்சில் விரித்து, மின்விசிறியைப் போட்டோம். பாடப்புத்தகம் ஓரளவு தேறிவிட்டது. நோட்டு தேறவில்லை, இங்க் எல்லாம் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. புது நோட்டு தருகிறேன் என்றேன், அவள் அழுகையை நிறுத்தவில்லை. அந்த நோட்டில் நான் சிவப்பு இங்கில் 'மிக நன்று' என்று போட்ட பக்கம் இருந்ததாம். அன்றைக்கே என் அலமாரியின் கீழ்த்தட்டை அவளுக்குக் கொடுத்தேன். புத்தகமும் நோட்டும் ராத்திரி பள்ளியிலேயே இருக்கும். பள்ளி முடிந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிட்டுப் போவாள்.

பெரிய மழை வந்தால் நடைபாதைக் குடும்பங்களை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் கொண்டுவந்து தங்க வைக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்படித்தான். ஒரு முகாம் இரவில், சேர்க்கை கிடைக்காத ஒரு பிள்ளை கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து முகாம் நடக்கும் நாட்களில் சேர்க்கைப் படிவத்தைக் கையோடு வைத்திருப்பேன். இந்த மழையில் அவர்களும் எங்காவது பள்ளியில் தங்க நேர்ந்தால், அங்கேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து, இடத்தைக் காலி செய்வது. நடைபாதையிலிருந்து கிளப்பினால் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடிக்கு அனுப்புவார்கள். கல்வியாண்டு நடுவில் அப்படிப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர் புது இடத்தில் பள்ளிப்பக்கமே போகாமல் நின்றிருக்கிறார்கள். எமிஸ் எண்ணைத் தகரப்பெட்டி மூடியின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் பல குடும்பங்களில் அப்படிச் செய்ய வைத்திருக்கிறேன், தாள் தொலையும், பெட்டி கூடவே போகும். அந்த எண் இருந்தால் எந்த ஊர்ப் பள்ளியிலும் ஒரே நாளில் சேரலாம். பரீட்சை நெருங்கிவிட்டால் பழைய பள்ளியிலேயே முடிக்கலாம்: பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் பயணம் இலவசம், சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கும் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை.

மறுபடி மறுத்தால்? குரலை உயர்த்த வேண்டாம். "ஏன் சேர்க்க முடியாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர்" என்று மட்டும் கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் யாரையும் எனக்குத் தெரியாது, பெரும்பாலும் படிவத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. அந்த வட்டாரத்தின் ஆசிரியர் பயிற்றுநர் யார் என்று விசாரித்து வையுங்கள், பள்ளி செல்லாக் குழந்தைகளைச் சேர்ப்பது அவர் வேலையிலேயே ஒன்று. எழுத்தில் புகார் கொடுத்தால் உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

உறவு இல்லாத நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் கூடப் போங்கள், ஆனால் நீங்கள் பேசாதீர்கள், அந்த அம்மா பேசட்டும். நாளைக்கு அவரே தனியாக அந்தப் பள்ளிக்குப் போய் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம், அதில் ஒரு நாள் அவரும் உட்காரலாம். படிவத்தில் போன் நம்பர் கேட்கும் இடத்தில் அவருடைய நம்பரையே கொடுங்கள், அது அடிக்கடி மாறினால் இரண்டாவதாக உங்களுடையதையும். ஒரு நாள் பிள்ளை வராவிட்டால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும்.

பிறகு அந்தப் பைகள். உங்கள் கடையில் ஒரு தட்டு ஒதுக்கி ராத்திரி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கடை திறக்கவே பத்து மணி ஆகிவிடும், பிள்ளைகள் ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டுமே. அதனால் தெருமுனை டீக்கடைக்காரரிடம் கேளுங்கள், நாலு மணிக்கே கடை திறப்பவர். அவர் சரி என்றால் பள்ளியில் அலமாரி கிடைக்கும் வரை இரண்டு பைகளும் அங்கே இருக்கட்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவரிடம் பேசிவிடுங்கள், ராத்திரி மழை இருக்கிறது.